கத்திக்கு ஒரு போட்டோ

கையால் அடித்த கத்திகளைப் படம் பிடிப்பவர்களுக்கு ஒரு போட்டி நடத்துவதென்று நேற்றிரவு முடிவு செய்தேன். கரண்ட் போயிருந்தது, வேறு வேலையும் இல்லை. களம் சப்ரகமுவ மாகாணம். போட்டியாளர்கள் அத்தனை பேரும் செத்து வெகுகாலம் ஆகிவிட்டதால் நுழைவுக் கட்டணம் கிடையாது, மேன்முறையீட்டுத் தொல்லையும் கிடையாது.

விதிகள் மூன்று. படம் எடுத்தவர் அதையே பிழைப்பாகக் கொண்டவராக இருக்கக் கூடாது. படத்தில் கத்தி தெரிய வேண்டும். அந்தக் கத்தி வாழ்நாளில் ஒரு தடவையாவது எதையாவது வெட்டியிருக்க வேண்டும். பெரிய மனிதர்கள் வழுக்கி விழப்போவது இந்த மூன்றாவது விதியில்தான். நடுவர் நான் ஒருவனே. இந்த நாட்டில் ஒரே ஆள் எல்லாவற்றையும் தீர்மானிப்பது புதுப் பழக்கம் இல்லை என்பதால் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

சப்ரகமுவ என்றதும் கொழும்புக்காரர்களுக்கு இரண்டு ஞாபகம்தான் வரும். இரத்தினபுரி மாணிக்கம், கேகாலைப் பக்கம் பின்னவலையில் குளிக்கும் யானை. இரும்பு ஒருத்தருக்கும் ஞாபகம் வராது. ஆனால் பலாங்கொடைக்குத் தெற்கே சமனலவெவ மலைச்சரிவுகளில் கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை ஆட்கள் இரும்பு உருக்கினார்கள். துருத்தி ஊத ஆள் வைக்கவில்லை. உலைகளை மேற்கே பார்த்து வரிசையாகக் கட்டிவிட்டு, தென்மேற்குப் பருவக்காற்று வரட்டும் என்று காத்திருந்தார்கள். ஆனி ஆடியில் எங்கள் லயத்துத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகிறதே, அதே காற்று அன்றைக்குச் சம்பளம் இல்லாமல் துருத்தி ஊதியது. கில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் இந்த உலைகளைத் தோண்டிப் பார்த்தார், அதே மாதிரி ஒன்றைக் கட்டி உருக்கியும் பார்த்தார். 1996 இல் 'நேச்சர்' இதழில் எழுதி உலகத்தையே வாய்பிளக்க வைத்தார். அதற்குள் அந்தப் பள்ளத்தாக்கில் பெரிய அணை ஒன்று எழும்பிவிட்டது. அணையின் பக்கவாட்டில் தண்ணீர் கசியத் தொடங்கியது, அதுவும் உலகப் புகழ் பெற்றது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தியவன் காற்றைப் பிடித்து வைத்தான். நாங்கள் தண்ணீரைப் பிடித்து வைக்கத் திண்டாடினோம்.

அந்த உலைக்காரர்களிடம் கமரா இல்லை. ஆகவே அவர்களைக் கௌரவ விருந்தினர்களாக முன் வரிசையில் உட்கார வைத்துவிட்டுப் போட்டிக்குப் போவோம்.

*

முதல் போட்டியாளர் ஜூலியா மார்கரெட் கமரூன் அம்மையார். நாற்பத்தெட்டு வயதில் மகள் வாங்கிக் கொடுத்த கமராவால் கெட்டுப்போனவர். டெனிசன், டார்வின் என்று இங்கிலாந்தின் தாடிக்காரர்களை எல்லாம் பிடித்து, அசையாதே அசையாதே என்று மிரட்டிப் படம் எடுத்தவர். அவருடைய கணவர் சார்ல்ஸ் ஹே கமரூன், பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்து அடி வாங்கிய கோல்புரூக்–கமரூன் ஆணைக்குழுவின் அதே கமரூன். மனுஷன் இலங்கையில் காணி வாங்கிப் போட்டிருந்தார். கோப்பித் தோட்டம். 1875 இல் கிழவனும் கிழவியும் இங்கே குடியேறக் கப்பல் ஏறினார்கள். பசுமாடு ஒன்றையும், போகிற இடத்தில் கிடைக்குமோ கிடைக்காதோ என்று சவப்பெட்டிகள் இரண்டையும் கூடவே கொண்டு வந்ததாகச் சொல்வார்கள். வெறும் பெட்டியாக ஏன் போக வேண்டும் என்று அவற்றுக்குள் கோப்பை பீங்கான்களை அடைத்துக் கொண்டு வந்தார்களாம். தோட்ட வேலைக்கு வந்த நம் ஆட்கள் தலைமன்னாரில் இறங்கி, வெறுங்காலோடு காட்டுக்குள்ளால் நடந்து, வழியிலே செத்து, பெட்டியே இல்லாமல் புதைந்த காலம் அது.

வந்த நேரம் சரியில்லை. 1869 இலேயே கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் பிடித்துவிட்டது. தோட்டத்தில் கோப்பி சாக, அம்மையார் கூலிக்காரர்களை நிற்க வைத்துப் படம் எடுத்தார். தமிழ் ஆண்களும் பெண்களும் அவருடைய கண்ணாடித் தகட்டில் ஏறியது அப்படித்தான். 1879 இல் காலமாகிப் பொகவந்தலாவையில் அடக்கமானார். பொகவந்தலாவை சப்ரகமுவ இல்லையே என்பீர்கள். மலை இறங்கினால் பலாங்கொடை, எல்லைத் தகராறு வேண்டாம் என்று ஏற்றுக்கொண்டேன்.

நடுவரின் குறிப்பு: படங்களில் கண்கள் உண்டு, சேலை மடிப்பு உண்டு, சோகம் தாராளமாக உண்டு. கத்தி இல்லை. கோப்பிக் காட்டை வெட்டி வெளியாக்கிய ஆட்களிடம் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வரச்சொன்னால் வேறென்ன மிஞ்சும்? போதாக்குறைக்குப் படம் மங்கல். மங்கலாக எடுப்பதுதான் அவருடைய கலை என்று விமர்சகர்கள் சொல்கிறார்கள். நான் எடுத்தால் மட்டும் கை நடுக்கம் என்கிறார்கள். இரண்டாவது விதியில் தோல்வி.

*

இரண்டாவது விண்ணப்பம் ஒரு குடும்பமாக வந்தது.

சேர் முத்து குமாரசுவாமி கொழும்பின் பெரிய தமிழர். 1863 இலேயே லண்டனில் பாரிஸ்டர் ஆனவர். எலிசபெத் பீபி என்ற ஆங்கிலப் பெண்ணைக் கட்டி, 1877 ஆகஸ்ட் 22 இல் ஆனந்தா என்ற மகனைப் பெற்றார். பிள்ளைக்கு இரண்டு வயது நிறையுமுன் கண்ணை மூடினார். பிள்ளை இங்கிலாந்தில் வளர்ந்து, நிலவியல் படித்து, எதெல் மேரி பார்ட்ரிட்ஜ் என்ற பெண்ணை 1902 இல் மணமுடித்து, 1903 இல் இலங்கையின் கனிம ஆய்வுக்கு இயக்குநராக வந்து சேர்ந்தது. இரத்தினபுரியில் கல் தேடாதவன் கிடையாது. ஆனால் அரசாங்கச் சம்பளத்தில், தலைக்குத் தொப்பியோடு தேடியவர் அவர்.

தேடியதற்குப் பலனும் கிடைத்தது. பலாங்கொடைப் பக்கத்து மாணிக்க மணலில் கறுப்பாக, கனமாக ஒரு கல். மாணிக்கக்காரன் பார்த்தால் வீசிவிடுகிற ஜாதி. ஆனந்தா அதை முதலில் யுரேனினைட் என்று நினைத்தார். 1904 இல் லண்டனில் டன்ஸ்டன் என்பவர் சோதித்து, இது புதுக் கனிமம் என்று கண்டு 'தோரியனைட்' என்று பேர் வைத்தார். கண்டவர் ஒருத்தர், பேர் வைத்தவர் இன்னொருத்தர். இந்த 'பேர்' விவகாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலைக்கு வரும். தோரியம் அந்தக் காலத்தில் காஸ் விளக்கின் மென்டலுக்குப் போன சரக்கு. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் தலையில் பெற்றோமக்ஸ் தூக்கிக்கொண்டு நடந்த பையன்களுக்குத் தெரியாது, தாங்கள் தூக்கியது பலாங்கொடைக் கல்லின் சொந்தக்காரனை என்று.

கல் பொறுக்க ஊர் ஊராகப் போனவர் கண்ணில் கல்லை விட அதிகமாகப் பட்டது கைவினைஞர்கள். பலாங்கொடைப் பக்கம் இன்னும் பழைய முறையில் இரும்பு உருக்கத் தெரிந்த கடைசித் தலைமுறையைப் பார்த்தார், எழுதி வைத்தார். கண்டி அரசின் 'பட்டல் ஹத்தர' என்ற நான்கு அரச பட்டறைகளின் வாரிசுகளைத் தேடிப் போனார். அரசாங்கம் கேட்டது கனிம அறிக்கை. மனுஷன் சேர்த்தது சீலை, பெட்டி, பூட்டு, வெற்றிலைத் தட்டு, கத்தி. எங்கள் தோட்டத்தில் ஒரு கணக்கப்பிள்ளை கொழுந்து நிறுக்கப் போன இடத்தில் ஆர்மோனியம் கற்றுக்கொண்டு வந்தாராம், அந்த மாதிரி.

அந்தக் கத்திக்குச் சிங்களத்தில் 'பிஹா கெத்த'. பேரைக் கேட்டாலே நம் கத்திக்கு ஒன்றுவிட்ட தம்பி போல இருக்கும். பிடி யானைத் தந்தம் அல்லது கொம்பு. அலகின் அடிப்பாகத்தில் வெள்ளியும் பித்தளையும் பதித்த கொடிவேலை. உறையில் கத்திக்குப் பக்கத்திலேயே எழுத்தாணிக்கும் இடம். அரசன் தன் பட்டறையில் செய்வித்துப் பிரதானிகளுக்குக் கொடுக்கும் பரிசு அது. பிரதானிகளும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தார்கள். சப்ரகமுவவுக்குத் திசாவையாக இருந்த எஹெலபொல 1814 இல் அரசனோடு முறைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் பக்கம் ஓடினார். 1815 மார்ச் 2 இல் மற்றப் பிரதானிகளும் கூடி, கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட கண்டியின் கடைசி அரசனைக் கையெழுத்துப் போட்டுக் கவிழ்த்தார்கள். வேலூருக்குப் போன அரசன் திரும்பி வரவில்லை. அரசன் கொடுத்த உறையில் கத்தியும் எழுத்தாணியும் இருந்ததல்லவா, காரியத்துக்கு எழுத்தாணியே போதுமாக இருந்தது.

எதெல் கமராவைத் தூக்கினார். பட்டறை பட்டறையாகப் போய்க் கொல்லரை, தட்டாரை, அவர்கள் செய்த பொருளைப் படம் எடுத்தார். தொழிலுக்காக இல்லை, ஆசைக்காக. முதல் விதியில் முழுப் புள்ளி. கணவர் இந்தப் பக்கம் 1905 இல் சமூகச் சீர்திருத்தச் சங்கம் தொடங்கி, வெள்ளைக்காரனைப் பார்த்துக் காப்பியடிக்காதீர்கள் என்று ஊருக்கு உபதேசம் செய்தார். கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, பழைய கலைகளைக் காப்பாற்றுங்கள் என்றார். பாதி வெள்ளைக்காரர் முழுச் சிங்களவரிடம் சிங்களவராக இருங்கள் என்று ஆங்கிலத்தில் கெஞ்சிய அந்தக் காட்சிக்கு இந்த நாட்டு வரலாற்றில் இணை கிடையாது.

1908 இல் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெரிய நூல் இங்கிலாந்தில் அவர்கள் வீட்டிலேயே வெளிவந்தது. வில்லியம் மொரிஸ் பாவித்த அதே கை அச்சு இயந்திரத்தில், மொத்தம் 425 பிரதி. கொல்லன் கத்தியைக் கையால் அடித்தான், இவர்கள் கத்தியின் படத்தையும் கதையையும் கையால் புத்தகமாக அடித்தார்கள். எதெலின் படங்கள் உள்ளே நிறைய உண்டு, அட்டையில் கணவரின் பேர் உண்டு. சில வருஷத்தில் இருவரும் பிரிந்தார்கள். எதெல் மறுமணம் செய்து எதெல் மைரே ஆகி, பிரிட்டனின் தலைசிறந்த நெசவுக் கலைஞர் ஆனார். ஆனந்தா 1917 இல் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போனார். அங்கே 1924 இல் புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸ் அன்பளிப்பாகக் கொடுத்த 27 புகைப்படங்களை உள்ளே சேர்த்து, போட்டோவும் கலைதான் என்று அருங்காட்சியகத்தையே ஒப்புக்கொள்ள வைத்தவர் அவர். நியாயமாகப் பார்த்தால் இந்தப் போட்டிக்கு நடுவராக இருக்க வேண்டியவர். நல்லவேளை, காலமாகிவிட்டார்.

நடுவரின் குறிப்பு: படம் அருமை, கத்தி அதைவிட அருமை. ஆனால் அது வெட்டியது என்ன? ஏட்டோலையை நறுக்கியிருக்கலாம். அந்த ஓலையில் எழுதிய வரி, நெல்லுக்காரன் வயிற்றை நறுக்கியிருக்கலாம். மூன்றாவது விதியில் சந்தேகத்தின் பலன் கொடுத்து இரண்டாம் பரிசு.

*

மூன்றாவது விண்ணப்பம் துரைமார் சங்கத்திலிருந்து.

1876 இல் விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் இறப்பர் விதைகளைக் கிளப்பிக்கொண்டு லண்டன் கியூ தோட்டத்துக்கு வந்தார். முளைத்தது ஏறத்தாழ 2,700. அதில் 1,919 கன்றுகளை 38 கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து இலங்கைக்கு அனுப்பினார்கள். முதல் வகுப்புப் பயணம். கம்பஹா ஹெனரத்கொடையில் இறங்கி வளர்ந்த அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள்தான் கேகாலை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை எங்கும் மலையை நிரப்பியவை.

மரம் வந்துவிட்டது, பால் எடுக்கத் தெரியவில்லை. அமேசனில் சின்னக் கோடரியால் கொத்துவார்கள், மரம் புண்ணாகிப்போகும். சிங்கப்பூரில் ரிட்லி என்பவர், பட்டையை மெல்லிசாகச் சீவினால் போதும், அதே வெட்டை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கலாம் என்று கண்டுபிடித்தார். இறப்பர் பைத்தியம் என்று சிரித்தார்கள். சிரித்தவர்களை எல்லாம் புதைத்துவிட்டு நூறு வயது வரை இருந்தார்.

சீவ வேண்டும் என்றதும் துரைமாருக்குள் கத்திக் காய்ச்சல் பரவியது. விடிந்தால் ஒரு துரை ஒரு புதுக் கத்தி. கொலெஜ் கத்தி, ஹொலோவே கத்தி, இரண்டு துரை சேர்ந்தால் போமன்–நோர்த்வே கத்தி. 1906 செப்டம்பரில் பேராதனைப் பூந்தோட்டத்தில் இறப்பர் கண்காட்சி நடந்தது, ஆளுநர் பிளேக் திறந்து வைத்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைரமாலை மாதிரிக் கத்திகள். ஹேர்பர்ட் ரைட் எழுதிய இறப்பர் நூலிலும் கத்திகளின் படங்கள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் துரையின் பேரோடு.

அந்தத் துரைமார் ஒரு மரமாவது வெட்டினார்களா? பால் வெட்டுகிறவன் விடியுமுன் எழும்பி, வெயில் ஏறுமுன் முந்நூறு மரத்தையும் சுற்றியாக வேண்டும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். கத்தி ஒரு மயிரிழை ஆழம் போனால் மரம் புண், மேலே போனால் சிரட்டை காலி. இதற்கிடையில் மழை வந்தால் சிரட்டையில் பாதி தண்ணீர், அன்றைக்கு அரைப்பேர்.

அரைப்பேர் என்றால் என்னவென்று தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பேச்சில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். குறித்த அளவு கொழுந்தோ பாலோ கொண்டு வந்தால் கணக்கப்பிள்ளை முழுப்பேர் போடுவார். குறைந்தால் அரைப்பேர். அப்பன் ஆத்தா வைத்த பேரைப் பாதியாக வெட்டும் கத்தி உலகத்தில் வேறெங்கும் கிடையாது. கத்திக்கு முழுசாகத் துரையின் பேர், பிடித்தவனுக்குப் பாதிப் பேர்.

நடுவரின் குறிப்பு: படம் எடுத்தது வியாபாரத்துக்கு. கத்தி வெட்டியது உண்மை, ஆனால் வெட்டிய கையைப் படத்துக்கு வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். ஆறுதல் பரிசும் கிடையாது. துரைமாருக்கு ஏற்கெனவே நிறைய ஆறுதல் கிடைத்துவிட்டது.

*

கடைசி விண்ணப்பம் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து.

தாத்தா கவ்வாத்துக்காரர். தேயிலையைச் சில வருஷத்துக்கு ஒருமுறை இடுப்புக்குக் கீழே மொட்டையடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது செடி என்பதை மறந்து மரமாகிவிடும். கத்தி வளைந்தது. ஒரே வீச்சில், சாய்வாக, கிளை பிளக்காமல் விழ வேண்டும் வெட்டு. இரண்டாவது வீச்சு போட்டால் கங்காணி திரும்பிப் பார்ப்பார், மூன்றாவதுக்குத் தாத்தாவின் அப்பாவையும் ஞாபகப்படுத்துவார். வெட்டி விழுந்த மிலாறைப் பெண்கள் கட்டித் தூக்கிக்கொண்டு போய் அடுப்பெரிப்பார்கள். தாத்தாவின் கத்தி கீழ்க் கிராமத்துப் பாஸ் ஒருத்தர் லொறியின் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்தது. பிடி கொய்யாக் கட்டை. வெள்ளிக் கொடியும் கிடையாது, தந்தமும் கிடையாது. வருஷக்கணக்காகப் பிடித்த இடத்தில் தாத்தாவின் ஐந்து விரலுக்கும் ஐந்து பள்ளம் இருக்கும், அதுதான் வேலைப்பாடு.

கவ்வாத்துக் கத்தியைப் படம் எடுக்க எந்த அம்மையாரும் மலை ஏறவில்லை. கடைசியில் எங்கள் ஆட்களைக் கமராவுக்கு முன்னால் உட்கார வைத்தது கலை இல்லை, அரசியல். 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதுவரை இருந்தவர்கள் மறுநாள் யாருமில்லை என்று ஆனார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரி ஐயாவும் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974 இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாக வெட்டினார்கள். கணக்கப்பிள்ளை நாளுக்கு ஒரு ஆளுக்குப் போட்ட அரைப்பேரை, இரண்டு அரசாங்கங்கள் சேர்ந்து ஒன்றரை லட்சம் பேருக்கு ஒரே நாளில் போட்டன.

பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்குப் போட்டோ வேண்டும். தாத்தா மலையிலிருந்து நேரே டவுனுக்கு இறங்கினார், இடுப்பில் கத்தியோடு. ஸ்டூடியோக்காரர் பார்த்ததும் பயந்து, கத்தியை வெளியே வாசலில் வைத்துவிட்டு வரச் சொன்னாராம். உள்ளே ஒரு கோட்டைக் கொடுத்தாராம், முன்பக்கம் மட்டும் நல்லாயிருக்கும் கோட்டு. அதை மாட்டிக்கொண்டு தாத்தா உட்கார்ந்தார்.

படத்தில் தாத்தா நேரே பார்க்கவில்லை. முகம் கமராவுக்கு, கண் இரண்டும் இடப்பக்கம். அப்பாயியிடம் கேட்டேன்.

"கத்தி வாசல்ல கெடந்துச்சுல்ல? எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவானோன்னு மனுசன் அங்கயே பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. நேராப் பாருங்க நேராப் பாருங்கன்னு அந்தாளு கத்துனானாம். இவரு பாத்தாத்தானே?"

கண் நேராக இல்லை என்று கந்தோரில் அந்தப் படத்தைத் திருப்பிவிட்டார்கள். மறுபடி காசு கட்டி இன்னொன்று எடுக்க வேண்டியதாயிற்று. அந்த நல்ல படம் கோப்புக்குள் போய் இரண்டு நாட்டில் எங்கேயோ தூங்குகிறது. கழித்துவிட்ட படம்தான் எங்களிடம் மிஞ்சியது.

நடுவரின் குறிப்பு: எடுத்தவர் தொழில்காரர், முதல் விதி போச்சு. படத்தில் கத்தி இல்லை, இரண்டாவதும் போச்சு. கமரூன் அம்மையாரை இதே விதியில் வெளியே அனுப்பியது ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் கத்தி எந்த மூலையில் கிடக்கிறது என்று பார்த்த உடனே சொல்லிவிடக்கூடிய ஒரே படம் இதுதான். வெட்டியதற்கு அந்த மலை முழுக்கச் சாட்சி. முதல் பரிசு. நடுவர் வெற்றியாளரின் பேரன் என்று முணுமுணுப்பவர்கள், இந்த நாட்டில் வேறு எந்தப் பரிசு எப்படிக் கொடுக்கப்பட்டது என்று விசாரித்துவிட்டு வரலாம்.

கத்தி இன்னும் இருக்கிறது. தேய்ந்து தேய்ந்து பாதி அலகு. அப்பாயி அதில்தான் பலாக்காய் நறுக்குகிறார். நானும் போனில் ஒரு படம் எடுத்துப் பார்த்தேன், பாதிப் படத்தில் என் கட்டைவிரல். "போட்டோ கீட்டோ அப்புறம், மொதல்ல அதக் கழுவிக் குடு" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சான்றிதழ் எழுத உட்கார்ந்தேன். கத்தியைப் பிடித்தவர் என்ற இடத்தில் தாத்தாவின் பேர். கத்தியை அடித்தவர் என்ற இடத்தில் 'கீழ்க் கிராமத்துப் பாஸ்' என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அப்பாயிக்கும் அவருடைய பேர் மறந்துவிட்டது. ஆகவே இப்போதைக்கு அவருக்கு அரைப்பேர் போட்டிருக்கிறேன். மிச்ச அரை, ஞாபகம் இருக்கிறவர்கள் வந்து சொல்லும் வரைக்கும் பாக்கி.